சீலை மாத்துறதுக்கு முன்னாடி மூச்சுக்குழாயைப் பாருங்கய்யா!

"ஆட்டோ கியரா? அதை இந்தப் பக்கம் எவனும் தொட மாட்டான் அண்ணாச்சி. மதுரைக்குக் கொண்டு போங்க."

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் கேட்கக் கிடைக்கும் வசனம் இது. மதுரைக்குப் போனால் சென்னைக்குக் கை காட்டுவார்கள். சென்னைக்குப் போனால், வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "பாக்ஸை இறக்கணும் சார், எல்லா சீலையும் மாத்தணும்" என்பார்கள். இறக்குவார்கள். மாற்றுவார்கள். பில் போடுவார்கள். மூணு மாசம் கழித்துப் பார்த்தால் தரையில் மறுபடியும் அதே சிவப்புச் சொட்டு! அப்புறம் "இந்த ஆட்டோ கியரே இப்படித்தான் சார், நம்ம ஊருக்குச் சரிப்படாது, பேசாம சாதா கியர் பாக்ஸா மாத்திடலாம்" என்று அடுத்த யோசனை வரும்.

இந்த மூன்று வசனமுமே தப்பு. நம்ம ஊர்க்காரனுக்குத் தெரியாது என்பதும் தப்பு, முதலில் சீல் என்பதும் தப்பு, நம்ம ஊருக்குச் சரிப்படாது என்பதும் தப்பு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரம் என்றால் இப்போது எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 2023ல் அறிவித்த பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா. ஆயிரம் ஏக்கருக்கு மேல். அது இருக்கட்டும். அந்தக் கரிசக்காட்டில் செவர்லே இம்பாலாவைத் தேடினால் கிடைக்காது. ஆனால் ஜேசிபியைத் தேட வேண்டியதே இல்லை. கண்மாய் தூர் வார ஜேசிபி, அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி, கருவேலம் பிடுங்க ஜேசிபி. அந்த மஞ்சள் வண்டியின் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? டார்க் கன்வர்ட்டர்! முன்னே பின்னே போக டிரைவர் லீவரைத் தட்டினால் உள்ளே என்ன நடக்கிறது? பம்ப் தள்ளும் ஆயில் அழுத்தத்தில் கிளட்ச் பிளேட்டுகள் இறுகுகின்றன. 1950களின் அமெரிக்கக் காரில் இருப்பதும் இதே சங்கதிதான். கியர் தானாக மாறுவதற்கான வால்வுகள் மட்டும் கூடுதலாக இருக்கும். ஆக, ஜேசிபி கியர் பாக்ஸில் தினம் கை வைக்கிற மெக்கானிக் "எனக்கு ஆட்டோ கியர் தெரியாது" என்றால், அவருக்குத் தெரியாதது அந்தப் பெயர் மட்டும்தான்.

"மென்மையான சாமான், நம்ம புழுதிக்கும் வெயிலுக்கும் தாங்காது" என்கிறார்களே, அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1939ல் அறிவித்து 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் விற்ற ஹைட்ராமேட்டிக்தான் பெரிய அளவில் விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக். ரெண்டே வருஷத்தில் அது ராணுவத்துக்குப் போய்விட்டது. எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில் ரெண்டு காடிலாக் எஞ்சின், ரெண்டு ஹைட்ராமேட்டிக். 1948 நவம்பர் 1ஆம் தேதி சோஜி லா கணவாயை, 11,000 அடிக்கு மேல், பனிக்கு நடுவே, நம் ராணுவத்தின் 7வது குதிரைப்படை ஏறிக் கடந்தது இந்த ஸ்டூவர்ட்களில்தான். அந்தக் கோவேறு கழுதைப் பாதையை டாங்கி போகிற பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ். சோஜி லாவுக்குத் தாங்கிய சாமான் பந்தல்குடி ரோட்டுக்குத் தாங்காதாமா?

சரி, இப்போது அந்த சிவப்புச் சொட்டுக்கு வருவோம்.

சாதா கியர் பாக்ஸில் ஆயிலின் வேலை வழுக்குவது மட்டும். ஆட்டோமேட்டிக்கில் வேலைக்காரனே ஆயில்தான். எஞ்சினின் சுழற்சியைக் கடத்துவது அது, கிளட்சை இறுக்குவது அது, கியரை மாற்றுவது அது, சூட்டை ரேடியேட்டருக்குச் சுமப்பதும் அதுதான். பழைய அமெரிக்கப் பாக்ஸ்களில் சுமார் 9, 10 லிட்டர் பிடிக்கும். காலையில் 30 டிகிரியில் இருக்கிற ஆயில் ஓடி முடிக்கும்போது 90 டிகிரியைத் தொடும். பள்ளிக்கூடத்துக் கணக்குதான். மூடிய பெட்டிக்குள் காற்று 30லிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு 9 லிட்டர் ஆயிலும் விரிந்து அரை லிட்டர் அளவுக்கு இடத்தைப் பிடிக்கும். காற்றுக்கு இருக்கிற இடம் இன்னும் சுருங்கும், அழுத்தம் இன்னும் ஏறும்.

ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ரப்பர் சீல் இந்த அழுத்தத்தைத் தடுக்கச் செய்யப்பட்டதே அல்ல. தெறிக்கிற ஆயிலைத் தடுக்கச் செய்யப்பட்டது. அதனால்தான் பாக்ஸின் மேல் பக்கத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு சின்னக் குழாயோ மூடி போட்ட துளையோ வைத்திருப்பார்கள். நம்ம ஊர் பட்டறையில் பிரீதர் என்பார்கள். பெட்டி மூச்சு விடும் இடம். சூடானால் வெளியே விடும், ஆறினால் உள்ளே இழுக்கும்.

அந்த மூக்கை அடைத்துவிட்டால்? வாயால்தானே மூச்சு விட வேண்டும்! அழுத்தம் எது பலவீனமோ அந்த வழியாகப் போகும். முன்பக்க பம்ப் சீல், பின்பக்க ஷாஃப்ட் சீல், கியர் லீவர் சேருகிற இடத்துச் சின்ன சீல், டிப் ஸ்டிக் குழாய். ஆயில் அங்கே கசியும். பார்க்கிறவன் "சீல் போச்சு" என்பான். புது சீல் போட்டால் அது இறுக்கமாக இருக்கும் வரை, கொஞ்ச நாள், தாங்கும். அப்புறம் பழைய கதை. அந்த மூணு மாசக் கணக்கின் ரகசியம் இதுதான்.

வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் நடப்பது இதைவிட மோசம். உள்ளே காற்று சுருங்கும், வெளியிலிருந்து இழுக்கும். மூக்கு அடைபட்டிருந்தால் சீல் உதடு வழியாகவே புழுதியையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கும். டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். மாஸி பெர்குசனில் கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில், ஹைட்ராலிக் எல்லாத்துக்கும் ஒரே ஆயில். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கினால் ஆயில் டீ கலரில் பால் மாதிரி ஆகிவிடும். அப்போது யாராவது முதல் வேலையாக சீலைக் குறை சொல்கிறார்களா? "தண்ணி எங்கேருந்துடா இறங்குச்சு" என்றுதான் தேடுகிறார்கள். அந்தப் புத்தி காருக்கு மட்டும் ஏன் வர மாட்டேன் என்கிறது?

லாரிக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பின் ஆக்ஸில் பிரீதர் அடைத்தால் ஆயில் வீல் பக்கம் தள்ளிப் போய் பிரேக் லைனிங்கை நனைக்கும். லைனிங்கை மாற்றிவிட்டு பிரீதரை மறந்தவன் அடுத்த இறக்கத்தில் சாமியைக் கூப்பிட வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக்கில் தீ ஆபத்து வேறு இருக்கிறது. வழிந்த ஆயில் சூடான சைலன்சர் குழாயில் விழுந்தால் முதலில் புகை, நேரம் சரியில்லை என்றால் நெருப்பு. ஒரு சின்னத் துளைக்கு இவ்வளவு பெரிய விளைவு.

நம்ம கரிசல் மண் இந்த விஷயத்தில் விசேஷமானது. காய்ந்தால் முகப்பவுடர், நனைந்தால் சிமெண்ட். பிரீதரைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் ஆயில் ஈரம் இருக்கும். அதில் இந்தப் பவுடர் ஒட்டும், அடுத்த சூட்டில் காயும், மறுபடி ஒட்டும். ரெண்டு கோடையில் கெட்டி மூடி ரெடி! அப்புறம் குளவி. வீட்டுச் சுவர், சுவிட்ச் போர்டு, சாவித் துவாரம் எதையும் விடாத மண்குளவி, மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற காரின் குழாயை மட்டும் விட்டுவிடுமா என்ன?

சிரிக்க வேண்டாம். 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசில் பிர்கெனேர் நிறுவனத்தின் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். வேகம் அளக்கும் குழாய் அடைபட்டிருந்தது, அடைத்தது மண்குளவிக் கூடாக இருக்கலாம் என்றுதான் விசாரணையாளர்கள் சந்தேகித்தார்கள். விமானம் சில வாரம் பறக்காமல் நின்றிருந்தது. 2011ல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், பெட்ரோல் டேங்கின் மூச்சுக்குழாயில் ஒரு வகைச் சிலந்தி கூடு கட்டியது! குழாய் அடைத்தால் டேங்குக்குள் காற்று குறைந்து டேங்கே விரியலாம். பணக்கார ஊர்ப் புதுக் காருக்கே இந்தக் கதி என்றால், வருஷத்தில் பத்து நாள் ஓடும் அறுபது வயசுக் காரைப் பற்றி என்ன சொல்ல?

இன்னொரு கூத்து: பிரீதர் வழியாகவே ஆயில் வெளியே துப்பும் வண்டிகள். இதைப் பார்த்ததும் எம்-சீலைப் பிசைந்து அந்தத் துளையை அடைக்கிற மேதைகள் உண்டு. (சளி ஒழுகுகிறது என்று மூக்கைத் தைத்த கதை!) பிரீதர் ஆயில் துப்பினால் பிரீதர் மேல் குற்றமில்லை. உள்ளே ஆயில் நுரைக்கிறது என்று அது சொல்கிறது.

நுரைப்பதற்கு ரெண்டு காரணம், ரெண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆயில் அதிகமானால் சுற்றும் பாகங்கள் அதில் முங்கிக் கடையும், மோர் கடைகிற மாதிரி நுரை பொங்கும். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அப்போதும் நுரைதான். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது. கிளட்ச் வழுக்கும், சூடு ஏறும், பிளேட் கருகும். பார்வைக்கு ரெண்டு நோயும் ஒரே மாதிரி இருக்கும், மருந்து மட்டும் நேர் எதிர். அளவு பார்க்காமல் ஊற்றுகிறவனும் உறிஞ்சி எடுக்கிறவனும் சரிசமமாக ஆபத்தானவர்கள்.

அளவு பார்ப்பதிலும் வேடிக்கைதான். எஞ்சின் ஆயில் மாதிரியே வண்டியை அணைத்துவிட்டு டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறார்கள். பழைய ஆட்டோமேட்டிக் பெரும்பாலானவற்றில் எஞ்சின் ஓட வேண்டும், ஆயில் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்பியிருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி என்றால் பார்க்கில் வைத்துப் பார்க்கலாம். பழைய கிரைஸ்லர் டார்க்ஃப்ளைட் என்றால் நியூட்ரலில்தான் பார்க்க வேண்டும். அதில் பார்க் நிலையில் கன்வர்ட்டருக்கு ஆயில் போகாது. ஹோண்டாவோ நேர்மாறு, ஓட்டிச் சூடாக்கிவிட்டு எஞ்சினை அணைத்த உடனே பார்க்கச் சொல்லும். வண்டிக்கு வண்டி முறை மாறும் என்பதே பலருக்குத் தெரியாது.

அடுத்து, டிப் ஸ்டிக்கில் இருக்கும் ரெண்டு கோடு. அமெரிக்க வண்டிகளில் அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவே வித்தியாசம் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. கீழ்க்கோட்டைப் பார்த்ததும் "ஒரு லிட்டர் ஊத்து" என்றால் கணக்கு முடிந்தது, இப்போது அதிகம்.

விழாவுக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் வெளியே வருகிற பழைய வண்டிகளில் இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் மெதுவாக அடிப் பேனுக்கு இறங்கிவிடும். பேனில் மட்டம் லிட்டர் கணக்கில் ஏறும். லீவர் ஷாஃப்ட் சீல் அந்த மட்டத்துக்குக் கீழே போய்விடும், கசியும். காலையில் வந்து டிப் ஸ்டிக்கை எடுத்தால் முழுக்கோட்டுக்கு மேலே ரெண்டு விரல்! "யாரோ அதிகமா ஊத்தியிருக்கான்" என்று ரெண்டு லிட்டரை வடித்துவிடுவார்கள். எஞ்சின் ஓடியதும் கன்வர்ட்டர் தன் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், பேன் வறண்டுவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும். நல்ல பாக்ஸைக் கொல்வதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது மாதம் ஒருமுறை இருபது கிலோமீட்டர் ஓட்டம், அவ்வளவுதான்.

தரையில் ஒரு சொட்டுகூட இல்லாமல் ஆயில் குறைகிற மர்மமும் உண்டு. 1962க்குப் பிறகு வந்த அலுமினியப் பவர்கிளைடு, டர்போ ஹைட்ராமேட்டிக் 350, 400 போன்றவற்றில் பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு தகரக் குப்பி, அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். வேக்கம் மாடுலேட்டர். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் எஞ்சின் அந்தக் குழாய் வழியாகக் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை விடும். "ரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்பார்கள். அந்தக் குழாயை உருவிப் பார்த்து உள்ளே சிவப்பு ஆயில் இருக்கிறதா என்று பார்க்க ரெண்டு நிமிஷம் போதும்.

ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் வந்தால் மட்டும் பயப்படலாம். கியர் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது அரித்துப் போனால் தண்ணீர் பாக்ஸுக்குள் வரும், மட்டம் ஏறும், பிரீதர் துப்பும். இங்கே சீலை மாற்றுவதும் பயனில்லை, ஆயிலை மாற்றுவதும் பயனில்லை. முதலில் ரேடியேட்டர். தண்ணீர் கிளட்ச் பிளேட்டின் பசையைக் கரைப்பதால் இந்த ஒரு நோய்க்குப் பாக்ஸை இறக்குகிறேன் என்று சொல்கிறவரை நம்பலாம்.

ஆயில் வகை பற்றி ஒரு சின்னத் திசைதிருப்பல். அந்தக் கால 'டைப் ஏ' ஆயிலில், 1967ல் வந்த முதல் டெக்ஸ்ரானிலும்கூட, உராய்வைச் சீராக்க எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய் சேர்த்தார்கள்! 1970ல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் இனப் பட்டியலில் சேர்த்ததும் மாற்று தேட வேண்டியதாயிற்று. அவசரத்தில் வந்த முதல் மாற்று கூலரின் பற்றவைப்பை அரித்தது, 1970களின் நடுவில் அதையும் திருத்தினார்கள். இன்றைய டெக்ஸ்ரான் வகை ஆயில் பழைய ஜெனரல் மோட்டார்ஸ் பாக்ஸுக்குத் தாராளமாகப் போதும். ஃபோர்டின் 'டைப் எஃப்' கேட்கிற பாக்ஸ் வேறு ஜாதி, உராய்வுக் கணக்கே வேறு. "எல்லாம் சிவப்புதானே" என்று மாற்றி ஊற்றினால் கியர் வழுக்கும், அல்லது உதைக்கும். சிவப்புச் சாயம் போட்டதே எஞ்சின் ஆயில் கசிவிலிருந்து பிரித்துத் தெரியத்தான். தரையில் கிடப்பது கருப்பா சிவப்பா என்று விரலால் தொட்டுப் பார்க்காமலே கியர் பாக்ஸைக் குற்றவாளி ஆக்குகிற மெக்கானிக்கிடம் அந்தச் சாயம் வீண்.

சீலே கெடாது என்று யாரும் சொல்லவில்லை. நாற்பது ஐம்பது வருஷ ரப்பர் கல்லாகத்தான் ஆகும், அதுவும் ஓடாமல் நின்றால் சீக்கிரமே ஆகும். மாற்ற வேண்டியதுதான். ஆனால் அது கடைசி வேலை. முதல் வேலைக்கு ஆகிற செலவு ஒரு டீ, ரெண்டு வடை.

சாதா கியராக மாற்றிவிடலாம் என்கிற யோசனைக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயசு தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், எண்ணில் 'விஏ' எழுத்து வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதற்கு முதல் நிபந்தனையே வண்டி அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. குளவிக்கூடு அடைத்த குழாய்க்காக அசல் பாக்ஸைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, அப்புறம் "ஒரிஜினல் கண்டிஷன்" என்று எந்த முகத்தோடு எழுதுவது?

சோதனை ரொம்ப எளிது. வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, கசியும் இடத்தைத் துடைத்துவிட்டு, டிப் ஸ்டிக்கைக் கொஞ்சம் மேலே தளர்த்தி வைத்து நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள். கசிவு நின்றால் அடைப்பு மூக்கில். பிரீதர் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், காற்று தடையில்லாமல் போக வேண்டும். (பஞ்சர் கடை கம்ப்ரசரை நேராக வைத்து அடிக்காதீர்கள், அடைப்பு உள்ளே போய் விழும்.) பாக்ஸை ஏற்கெனவே ஒருமுறை இறக்கி ஏற்றிய வண்டி என்றால் குழாய் பாடிக்கும் பாக்ஸுக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவுங்கள். துருவுக்குப் பூசிய தார் பெயின்ட் துளையை மூடியிருக்கவும் வாய்ப்புண்டு.

சுத்தம் செய்தபிறகு அந்த மூக்கில் ஆயில் தாங்கும் ரப்பர் குழாய் ஒரு மீட்டர் மாட்டி, எங்கும் மடங்காமல், எஞ்சின் அறையின் பின்சுவர் உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்ட வேண்டும். ஆற்றில் இறங்கும் ஜீப்புகளுக்கும் ராணுவ வண்டிகளுக்கும் செய்கிற அதே ஏற்பாடுதான். நுனியில் பைக்குக்குப் போடும் சின்ன பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைச் செருகினால் புழுதியும் போகாது, குளவியும் கட்டாது. சித்திரையில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை அதைக் கழற்றி ஊதிப் பார்த்து, அடைத்திருந்தால் புதிது போட்டுவிட வேண்டும்.